முப்பத்தொரு டெசிபல்

பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
எனக்குக் காது அடைக்கும்.
எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும்.
பன்னிரண்டாவதில் மறுபடி.
மடியில் கருப்புப் பெட்டி,
அரசாங்கச் சொத்து, வரிசை எண் ஒட்டியது.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
மடித்து வைத்தேன், தணிக்கைக்கு.

திட்டத்தின் பெயர் நீளம், சொன்னால் மூச்சு வாங்கும்.
சுருக்கமாக: சேர்வராயன் மலையில்
எத்தனை பிள்ளைக்குக் கேட்கவில்லை,
ஏன்.
ஒலி புகாத அறை அமைக்க
நான்கு லட்சம் என்று காகிதத்தில் இருந்தது.
வந்து சேர்ந்தது மார்ச் இருபத்தேழு, மாலை நாலரை.
முப்பத்தொன்றுக்குள் செலவழி, இல்லையேல் திருப்பு.
நான்கு நாளில்
யார் கட்டித் தருவார் ஒரு மௌனத்தை?
அதிலும் ஒரு நாள் ஞாயிறு.
திருப்பினோம்.

சேலத்தில் எங்கள் அறை
பழைய பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம்.
ஏர் ஹாரனுக்கு நடுவே சோதித்தால்
கேட்கிறவனுக்கும் கேட்காது.
மலைப் பள்ளிக்கூடத்தில் பார்த்தோம்: தகரக் கூரை, மழை.
துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டியின் முனகல்.
கோயிலில் இடம் கொடுத்தார்கள்; புறாக்கள் கொடுக்கவில்லை.
கடைசியில் ஒரு காபித் தோட்டத்துக் கிடங்கு.
கூரை வரைக்கும் சாக்கு மூட்டை.
கதவைச் சாத்தினேன்.
மீட்டரில் முப்பத்தொன்று.
என் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது.
மேஸ்திரி அருளப்பன் எட்டிப் பார்த்தார்:
"என்னம்மா, ஒண்ணுமில்லாததையா அளக்குறீங்க?"
ஆமாம் என்றேன்.

எண் நாற்பத்தொன்று.
மூன்று வயது எட்டு மாதம். பெயர் இலக்கியா.
அம்மா செல்லக்கிளி மிளகு பறித்த கையோடு வந்திருந்தாள்.
படிவத்தில் ஏழாவது கேள்வி,
பெற்றோர் உறவில் மணந்தவர்களா?
"தாய்மாமன்தான்" என்றாள்.
பிறகு என் பேனாவைப் பார்த்தாள்.
"அதனாலயா?"
ஆம், இல்லை என்று இரண்டே கட்டம், அதுவும் எனக்கு.
"தெரியல. தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம்."
அவளுக்கு அது பதில் இல்லை.
எனக்கும்.

சத்தம் கேட்டால் ஒரு காபிக்கொட்டையை
டப்பாவில் போட வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.
கேட்காத பிள்ளைக்கு 'கேட்டால்' என்பதை
எப்படிச் சொல்வது?
படித்ததையெல்லாம் செய்து காட்டினேன்.
அவள் அண்ணன், ஏழு வயதிருக்கும்,
என்னைத் தள்ளிவிட்டு
அவள் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டி
விரல்களை மூடித் திறந்தான்.
அந்த வீட்டு மொழி. பேசுவோர் எண்ணிக்கை நான்கு.
அவள் தலையாட்டினாள்.

இருபது. நாற்பது. அறுபது.
கொட்டை விரலிடுக்கிலேயே இருந்தது.
எண்பதில் அவள் என் முகத்தைப் படிக்கப் பார்த்தாள்.
நான் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டேன்,
அதுவும் பயிற்சியில் சொல்லித் தந்ததுதான்.
தொண்ணூற்றில், உறுமி மாதிரியான அடிக்குரலில்,
டப்பாவுக்குள் ஒரு கொட்டை.
மொத்தம் மூன்று விழுந்தன.
வரைபடத்தின் கீழோரம் மூன்று பெருக்கல் குறி.
மேலே அத்தனை வெள்ளைத் தாள்.

ஆறு வயதுக்குள் போனால்
காப்பீட்டில் கருவி வைப்பார்கள்,
பிறகு வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி,
கீழே, சேலத்தில் என்றேன்.
செல்லக்கிளி விரல்விட்டு
கூலி நாட்களை எண்ணத் தொடங்கினாள்.

இரண்டாம் தவணை கேட்டு எழுதினோம்.
'முதல் தவணையைச் செலவிடாதோர்க்கு
இரண்டாவது எதற்கு?' என்று விளக்கம் கேட்டார்கள்.
எழுதினோம். அதன் மேல் ஒரு வினா.
கோப்பு மேசை மேசையாக ஏறி இறங்கும்,
அதற்குக் காது அடைப்பதில்லை.
நாற்பத்தொன்றுக்கு இப்போது
ஐந்து வயது இரண்டு மாதம்.

இன்று மறுபடி மேலே போகிறேன்,
சொந்தக் காசில், பெட்டி இல்லாமல்,
பையில் ஒரு பரிந்துரைக் கடிதம்.
பதினோராவது வளைவு.
அடைத்துவிட்டது.
விழுங்காமல் இருக்கிறேன்.
கண்டக்டரின் வாய் அசைகிறது,
பத்தா, இருபதா தெரியவில்லை.
நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு
அவர் கையையே பார்க்கிறேன்.